கழுவித் துடைத்த உலகம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. உன் அறைத் தோழிக்குக் காட்டாதே, உன் பேராசிரியருக்குக் காட்டாதே, முக்கியமாக ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் "சின்னவ என்னமோ எழுதியிருந்தாளே" என்று இழுத்துவிடாதே. படித்ததும் கிழித்துப்போடு, பொடிப்பொடியாகக் கிழி. நீ கிழிக்கிற கடிதத்தைக்கூட ஒட்டிப் படிக்கிற ஆட்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். இனி முறைப்படி தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம், கடை வாசலில் இருந்த பெரிய தொட்டியின் மீன்களைத் தவிர. அவை ஒட்டுமொத்தமாகச் செத்துவிட்டன. அங்கே உன் நலத்தையும், நீ தேடிக்கொண்டிருக்கிற கோள்களில் யாராவது இருந்தால் அவர்களுடைய நலத்தையும் அறிய ஆவல்.

இந்த மாதக் கடிதத்தை அம்மாதான் எழுதியிருக்க வேண்டும். சாயங்காலம் தாளையும் பேனாவையும் கொண்டுபோய் வைத்தேன். "என்னத்த எழுதறது, வழக்கமா எழுதறதுதான், நீயே எழுதி எடுத்துட்டு வா, கடைசில நான் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். ஏற்கெனவே அது துடைத்த அடுப்புதான். வழக்கமானதை எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், ராத்திரி பூரா வானத்தைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், எல்லாம் முன் தாளில் இருக்கிறது. அதற்குப் பின்னால் மடித்து வைக்கிற இந்தத் தாளில் நான் எழுதுவதுதான், அம்மா எழுத வேண்டி எழுதாமல் விட்டது. ஆகவே இது முடியும்வரை நான்தான் உனக்குத் தாய். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற தாய் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, கொஞ்சம் மரியாதையோடு படி. போனில் சொன்னால் என்ன என்பாய். வீட்டுப் போன் இப்போதெல்லாம் சாப்பாடு முடிந்ததும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கப்பட்டு பெரியப்பாவின் தலைமாட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பகலில் நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டுக் குடும்பமே சுற்றி நிற்கிறது. அப்பாவின் போன் தொட்டிக்குள் விழுந்து எழுந்ததிலிருந்து அவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. அப்பாக்களுக்கென்றே செய்த போன்.

பெரியப்பா வந்திருப்பதை அம்மா போன கடிதத்திலேயே எழுதியிருப்பாள், "ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டும்" என்று. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை, மாதம்தான் முடிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சுத்தம் பார்க்கிற மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நமக்கெல்லாம் பினாயில் பெரியப்பா. அவர் வந்த நாளிலிருந்து நம் வீடு ஆபரேஷனுக்குத் தயாராக இருக்கிறது, நோயாளி யார் என்பதுதான் தெரியாமல் இருந்தது. கதவுப் பிடிகளைக் காலையும் மாலையும் துடைக்கிறார். என் பள்ளிக்கூடப் பையைத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தட்டுகிறார். அம்மா சமைத்து முடித்துத் திரும்புவதற்குள் கரண்டி கழுவப்பட்டு இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. அம்மா முதல் வாரம் "அடடா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள், இரண்டாம் வாரம் "பரவால்லீங்க" என்றாள், இப்போது கரண்டியைத் தேடுவதைக்கூட விட்டுவிட்டாள். அவரைப் பொல்லாதவர் என்று சொல்லவில்லை அக்கா. தாத்தா போனபிறகு அப்பாவுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தவர், பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர், இந்தக் கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்தவர். அவர் அறைக்குள் வந்தால் இன்றைக்கும் அப்பா எழுந்து நிற்கிறார், கையில் ஈர வலை சொட்டிக்கொண்டிருந்தாலும்கூட. அந்தச் சொட்டையும் பெரியப்பாவே குனிந்து துடைக்கிறார். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

பெரிய தொட்டியை உனக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை, ஆனால் வருத்தப்படும்போது விவரமாகச் சொன்னால்தான் ஆறுகிறது. மாப்பிள்ளைத் தொட்டி என்று நாம் பெயர் வைத்தோமே, கடைக்கு வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள் என்பதால். நீ என் வயதில் இருந்தபோது அப்பா வைத்தது. ஒரு மாதம் முழுக்க ஒரு மீன்கூட விடாமல் வெறும் தண்ணீரை ஓடவிட்டார், "என்னங்க, கண்ணுக்குத் தெரியாத மீனா" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேலி பேசினான். இன்றைக்கும் புதுத் தொட்டி வாங்குகிறவர்களிடம் அப்பா அதையேதான் சொல்கிறார், தண்ணி பழகட்டும், அப்புறம் மீன் தர்றேன் என்று. பாதிப் பேர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள், ஒரு வாரத்தில் செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு நம் கடைக்கே திரும்பி வருகிறார்கள். தொட்டிக் கடைச் சட்டங்கள் உனக்கு நினைவிருக்கும். குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஒரு நாள் வைக்காமல் ஊற்றக் கூடாது. பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் காட்டக் கூடாது, அந்தத் தொட்டியின் பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். அதில் இருக்கிற பழுப்பு வழுவழுப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் அப்பா சொல்வார், "அழுக்குன்னு நெனக்காதீங்க, அதுலதான் குடித்தனமே நடக்குது" என்று. கடைசிச் சட்டம், கண்ணாடியைத் தட்டக் கூடாது. அதற்காகவே அவர் வீட்டுக் கதவைக்கூடத் தட்டுவதில்லை, வெளியே நின்று செருமுவார், நாம் ஏதோ மிரண்டுவிடுகிற சாதி மீன் என்பது போல. ஒரே ஒரு சமயத்தில்தான் தட்டுவார். மீன் அசையாமல் கிடந்தால் சுண்டுவிரல் நகத்தால் கண்ணாடியில் ஒரு தட்டு, மெதுவாக. உயிர் இருந்தால் துடுப்பு அசையும்.

போன வாரம் அப்பா வெளியூரில் ஒரு அலுவலகத்தில் தொட்டி பொருத்தப் போனார். திரும்ப மூன்று நாள் ஆகும் என்று என்னிடம் தீனி டப்பாவைக் கொடுத்து, ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் நாள் மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மாடிக்குப் போனால், துணி காயப்போடுகிற கொடியில் பெரியப்பாவின் கைக்குட்டைகளுக்கு நடுவில் பெரிய தொட்டியின் ஸ்பாஞ்சுகள் கிளிப் போட்டுத் தொங்குகின்றன. வெள்ளை வெளேரென்று. அவற்றின் நிறம் வெள்ளை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கசக்கி, வாடை போகும்வரை அலசி, வெயிலில் காயவைத்திருந்தார். பில்டர் பெட்டிக்குள் இருக்கும் சிறு கற்களைக்கூட விடவில்லை, அம்மாவின் வடிதட்டில் பரப்பி வைத்திருந்தார். தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டார், அதை மட்டும் டிரம் தண்ணீரால் சட்டப்படி மாற்றினார், பாராட்ட வேண்டியதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியப்பா, அதைக் கழுவவே கூடாது, அப்பா திட்டுவார் என்றேன். "ஒம்பது வருஷத்து அழுக்கும்மா அது. உங்கப்பன் சின்ன வயசுலேர்ந்தே சோம்பேறி. இப்ப அந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஒரு சட்டமும் போட்டு வெச்சிருக்கான்" என்று சிரித்தார். வேறு தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்றையாவது வைக்கிறேன் என்று எடுத்து வந்தேன். "கழுவின பாத்திரத்துல எச்சில் துப்புவியா நீ?" என்று கையிலிருந்து பிடுங்கிவிட்டு, காய்ந்த வெள்ளை ஸ்பாஞ்சுகளை அவரே பில்டர் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். அப்பாவுக்குப் போன் செய்தேன், "அலோ, அலோ, யாரு, கேக்கல" என்று அவர் நன்றாகவே கேட்டார்.

மறுநாள் அந்தத் தொட்டியைப் பார்த்திருக்க வேண்டும் நீ. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி அப்படி ஒரு தெளிவு, மீன்கள் காற்றில் நீந்துவது போல இருந்தது. பக்கத்துத் தையல் கடைக்காரர் வந்து பார்த்து, உங்க வீட்டுக்காரரோட அண்ணன் கை பட்டதும் தொட்டிக்கே வயசு கொறஞ்சிடுச்சு என்று அம்மாவிடம் சொன்னார். பெரியப்பா அன்றைக்கு இரண்டு காபி குடித்தார். எனக்கு மட்டும் உன் பழைய கடிதம் ஒன்று நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. உயிர் வாழ ஒரு கோளுக்கு என்னென்ன வேண்டும் என்று நான் கேட்டதற்கு எழுதினாயே. நட்சத்திரத்திலிருந்து ஏற்ற தூரம், உறையாமலும் கொதிக்காமலும் நிற்கிற தண்ணீர், ஓடிப்போகாத காற்று, அந்தக் காற்றைப் பிய்த்துக்கொண்டு போகாமல் காக்க ஒரு காந்தக் கவசம், நினைத்த நேரத்தில் சீறி விழாத நட்சத்திரம், இத்தனையும் அமைந்தாலும் போதாது, ஒருவர் கழித்ததை இன்னொருவர் எடுத்து வேறாக மாற்றித் திருப்பித் தருகிற சுற்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தால்தான் உயிர் நெடுநாள் நிலைக்கும் என்று. அதை அப்பா கடையில் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார், "பாருங்க, மேலேயும் நம்ம தொட்டிக் கடைச் சட்டம்தான் நடக்குது, என் பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா" என்று. இன்னொன்றும் எழுதியிருந்தாய். ஒரு கோளின் காற்றில் ஒன்றோடொன்று சேர்ந்து தங்காத வாயுக்கள் சேர்ந்தே இருந்தால், யாரோ உள்ளேயிருந்து விடாமல் விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருளாக இருக்கலாம், அதைத்தான் தேடுகிறோம், அழுக்குத்தான் எங்களுக்கு அடையாளம் என்று. அப்படியென்றால் நம் பெரிய தொட்டி அன்றைக்கு உன் கண்ணில் பட்டிருந்தால், யாருமில்லை என்று எழுதிவிட்டு அடுத்த கோளுக்குப் போயிருப்பாய். மீன் மூச்சு விடும்போதே வெளியே விடுகிற நஞ்சைத் தின்று மாற்றிக் கொடுக்க ஸ்பாஞ்சில் குடியிருந்த நுண்ணுயிர்களில் ஒருவரும் மிச்சமில்லை. குடித்தனம் முழுவதையும் கொடியில் காயப்போட்டாயிற்று.

மூன்றாம் நாள் மாலை மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் சிவந்துபோயிருந்தது. "பசிக்குது பாரு, தீனி போடு" என்றார் பெரியப்பா. நான் போடவில்லை. அவர் என் கையிலிருந்த டப்பாவை வாங்கி அவரே போட்டார், அன்போடு, நிறைய. அன்று ராத்திரி அப்பா வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டியின் முன்னால் நின்றார். பிறகு குனிந்து சுண்டுவிரல் நகத்தால் கண்ணாடியில் தட்டினார், இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று. எதுவும் அசையவில்லை. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து சொட்டு விட்டுப் பார்த்தார், அந்த நஞ்சு, அதாவது அமோனியா, ஏறியிருந்தால் மட்டும் வருகிற கரும்பச்சை நிறம் வந்தது. அந்தக் கரும்பச்சைக்குக் காரணம் இரண்டு இருக்கலாம் அக்கா. ஸ்பாஞ்சு செத்திருக்கலாம், அல்லது யாராவது தீனியை அள்ளிக் கொட்டியிருக்கலாம். தொட்டியின் அடியில் தீனி படிந்திருந்தது, தீனி டப்பா காலியாக இருந்தது, டப்பா யாரிடம் கொடுக்கப்பட்டது என்பது ஊரறிந்த விஷயம். பெரியப்பா பொய் சொல்லவில்லை, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். "கொழந்ததானே, பாவம், எவ்வளவு போடணும்னு தெரியல" என்று எனக்காகப் பரிந்துதான் பேசினார். அவர் கழுவியதால் ஒரு உயிர் போகும் என்று அவரிடம் யாராவது சொன்னால்கூட அவரால் நம்ப முடியாது. ஆஸ்பத்திரியில் அவர் கழுவக் கழுவத்தான் ஆட்கள் பிழைத்தார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. "மூணு நாளும்மா. மூணே மூணு நாள்" என்றார். திட்டியிருக்கலாம்.

அப்புறம் தொட்டியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார், பில்டர் பெட்டியைத் திறக்கவே இல்லை. செத்த வீட்டில் அலமாரியைக் குடைவார்களா. திறந்திருந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும், அந்த வெள்ளையைப் பார்த்தால் தொட்டிக்காரருக்கு வேறு சாட்சி வேண்டாம். காலையில் பெரியப்பா தீர்ப்பைச் சொன்னார். என்னை அவரோடு கூட்டிக்கொண்டு போகிறார், அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, பத்தாம் வகுப்பு முடியும்வரை அங்கே இருந்து பொறுப்பும் சுத்தமும் கற்றுக்கொண்டு வரட்டும் என்று. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் "சரிண்ணா" என்றார். நாளை மறுநாள் காலை முதல் பஸ். என் பெட்டியைப் பெரியப்பாவே அடுக்கிவிட்டார், ஒவ்வொரு பாவாடை மடிப்பிலும் ஒரு பூச்சி உருண்டை. நான் அம்மாவைச் சமையலறையில் பிடித்து, நீயும்தானே கொடியில் பார்த்தாய், அப்பாவிடம் சொல் என்று அழுதேன். அம்மா குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. "அவருக்கு அவங்கண்ணன்தாண்டி எல்லாம். மீன் செத்தது போதாதா, அவர் மனசுல அண்ணனும் சாகணுமா? ஒன்றரை வருஷம், கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிடும். நீ சின்னப் பொண்ணு, தாங்கிப்ப" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வீட்டில் எதையும் தாங்கக்கூடிய பொருள் ஒன்று இருக்கிறது என்றும், அது நான்தான் என்றும் அப்போதுதான் தெரிந்தது. யாருக்கு என்ன வேண்டாமோ அதையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ள வீட்டுக்கு ஒரு ஸ்பாஞ்சு வேண்டுமல்லவா. வாயைத் திறந்தால் கோள் சொல்லி என்று பெயர் வரும். வீட்டுக்கு ஒரு கோள்காரி போதும், அது நீயாகவே இரு.

பெரியப்பா வீட்டை நீ பார்த்ததில்லை, நான் ஒரு முறை போயிருக்கிறேன், உன் ஆராய்ச்சிக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். தூரம் ஏற்ற தூரம், ஒரு பகல் பஸ். தண்ணீர் நாள் முழுக்க வருகிறது. காற்றுக்கு வடிகட்டி வைத்திருக்கிறார். வெளிச்சம் அளவோடு, திரை போட்டு. சோபாவுக்கு வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை, உட்கார்ந்தால் நாம்தான் ஏதோ தப்பு செய்ததுபோல் சத்தம் போடும். சுவரில் ஒரு கீறல் கிடையாது, மூலையில் ஒரு சிலந்தி கிடையாது, பெரியம்மா இருந்தபோது வைத்த செடிகூட மண் கொட்டுகிறது என்று வெளியே போய்விட்டது. பெரியம்மா போன பிறகு அந்த வீட்டில் சிரித்தது யார் என்று கேட்டால், அன்றைக்கு நான்தான், அதுவும் பிளாஸ்டிக் உறை போட்ட சத்தத்துக்கு. பெரியப்பா உடனே திரும்பிப் பார்த்தார், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. இன்னொரு தடவை சிரிப்பேனா என்று பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலைத் துடைக்கப் போய்விட்டார். எல்லா நிபந்தனைகளும் பொருந்துகிற, உயிர் இல்லாத கோள் ஒன்று கிடைத்தால் பெயர் கிடைக்கும் என்று நீ சொல்வாயே, இந்தா, முகவரி தருகிறேன், வந்து எடுத்துக்கொள். அதில் இறங்கப்போகிற முதல் உயிர் என்ற பெருமை உன் தங்கைக்கு. வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, பயமாக இருக்கிறது அக்கா. அவர் அடிக்க மாட்டார், பட்டினி போட மாட்டார். என்னை நல்லபடியாக, வாடை போகும்வரை அலசுவார். திரும்பி வரும்போது எல்லோரும் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறாள் என்பார்கள்.

இப்போது உன்னிடம் மட்டும் சொல்கிற விஷயம். என் கட்டிலுக்கு அடியில் ஒரு வாளி இருக்கிறது, அதில் நக்கி இருக்கிறது. ஆமாம், நம் நக்கிதான், நீ விரல் நீளத்தில் வாங்கி வந்து, நாள் முழுக்கக் கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கிறதே என்று நீயே பெயர் வைத்த அதே கறுப்பன், இப்போது என் முழங்கை நீளம். மூன்றாம் நாள் மாலை பெரியப்பா தீனி போட்டுவிட்டுக் கைகழுவப் போன நேரத்தில் வலையில் அள்ளி வாளியில் போட்டு மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு வாளிதான் இருந்தது, ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. மற்றவை என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடியதை நான் எழுத மாட்டேன். பின்பக்கச் சின்னத் தொட்டியின் பழைய தண்ணீர், அதன் பழுப்பு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு, பேட்டரியில் ஓடுகிற குட்டிக் காற்று மோட்டார், அவ்வளவுதான் போட்டேன். அழுக்குத் தண்ணீர், அழுகின இலை, வெளிச்சம்கூட இல்லை, உன் பட்டியலில் பாதி கிடையாது. ஆனாலும் உயிரோடு இருக்கிறது, ராத்திரியில் வாளியின் சுவரை நக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குகிறேன். பெரியப்பா செத்த மீன்களைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்விட்டதால் அதுவும் அவற்றோடு போய்விட்டது என்று அப்பா நினைக்கிறார். எடுத்துக் காட்டலாம்தான். காட்டினால், இதை மட்டும் எப்படி முன்கூட்டியே எடுத்தாய், ஆபத்து வரும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உள்ள ஒரே பதில் பெரியப்பா பெயரில் போய் முடியும், அம்மா என்னைப் பார்ப்பாள். அதனால்தான் உன்னிடம் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். நீ அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, யார் பெயரும் வேண்டாம், பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று ஒரே ஒரு வரி எழுது, நீ சொன்னால் அறிவியல், நான் சொன்னால் கோள் என்று கெஞ்சுவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எழுதிக்கொண்டு வரும்போதே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும், நீ எழுதுவது இங்கே வர இன்னும் இரண்டு வாரம். நீ பார்க்கிற நட்சத்திர வெளிச்சமெல்லாம் பழையது, பார்க்கும்போது அது அங்கே இருக்கிறதா என்றே தெரியாது என்று எழுதியிருந்தாயே. நீ இதில் பார்க்கிற தங்கையும் அப்படித்தான். தூரத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொள்வார்கள், காரியம் முடிந்த பிறகு. கோபித்துக்கொள்ளாதே, நட்சத்திரத்தின் மேல் யாரும் கோபப்பட முடியாது.

அதனால் சற்று முன்பு கீழே போனேன். வாளிக்குத் தண்ணீர் மாற்றப் போகிறேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். கடை இருட்டில் சின்னத் தொட்டிகளின் மோட்டார்கள் மட்டும் முனகிக்கொண்டிருந்தன. போர்வையை விலக்கிப் பெரிய தொட்டியின் பில்டர் பெட்டியைத் திறந்தேன். ஸ்பாஞ்சு அப்படியே புத்தம் புதிதாக, சலவைக்குப் போய் வந்த சட்டைபோல இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது இந்தத் தாளுக்குப் பக்கத்தில், என் கணக்குப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, புத்தகம் ஊறிக்கொண்டிருக்கிறது. வந்து உட்கார்ந்த பிறகுதான் இரண்டு விஷயம் உறைத்தது. கடையிலிருந்து என் அறை வரைக்கும் படியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். பெட்டியின் மூடியைத் திரும்பப் போடவில்லை. இந்த வீட்டில் தரையில் ஒரு சொட்டு விழுந்தால் தூக்கத்திலேயே எழுந்து வருகிறவர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கதவு எப்போது தட்டப்படும் என்று தெரியாததால், கடைசியில் எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன், தாய் என்ற முறையில் அது என் கடமை. என் அருமை மூத்த மகளே, நீண்ட ஆயுளோடும் குறையாத அழுக்கோடும் நன்றாக இரு. நீ இருக்கிற இடத்தில் காற்று ஓடிப்போகாமல் இருக்கட்டும், உன்னைச் சுற்றி இருப்பவர்கள் அளவோடு சுடட்டும். உன் அறையை அடிக்கடி கழுவாதே. ஞாபகமாக, பதில் போடும்போது முன் தாளுக்கு மட்டும் பதில் போடு, இந்தத் தாள் வந்ததாகவே காட்டிக்கொள்ளாதே, இதைக் கிழித்துவிடு. நக்கியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. இப்படிக்கு, ஒரு ராத்திரிக்கு உன் தாயும் மற்றபடி உன் வாலுத் தங்கையுமான நான்.

கையெழுத்துப் போட்ட பிறகும் எழுதுவது முறையல்ல. ஆனால் படியில் யாரோ வருகிறார்கள். மெதுவாக வருகிறார்கள், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, குனிந்து பார்ப்பதுபோல. வாளி மோட்டாரின் மேல் துண்டைப் போட்டு அமுக்கிவிட்டேன், அப்படியும் கொர்ரென்று கேட்கிறது. பெரியப்பா என்றால் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மூன்று தட்டு தட்டுவார். அம்மா என்றால் தட்டவே மாட்டாள், திறந்துகொண்டு வந்துவிடுவாள். அப்பா வெளியே நின்று செருமுவார். செருமல் இல்லை. யாராக இருந்தாலும் சரி, ஸ்பாஞ்சை ஒளிக்கப்போவதில்லை என்று இந்த வரியை எழுதும்போதுதான் முடிவு செய்தேன். அது கணக்குப் புத்தகத்தின் மேலேயே இருக்கட்டும், விளக்கு வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில். கேட்டால் சொல்வேன், யார் பெயர் வந்தாலும்

தட்டியாயிற்று. ஒரே ஒரு தட்டு, நகத்தால், மெதுவாக. அக்கா, உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்கி